ஓட்டமும் ஓய்வும்

கனடா தேசத்து வாலிபரான டெர்ரி ஃபாக்ஸ், எலும்புப் புற்றுநோயால் 1977-ஆம் ஆண்டில் வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்த பின்னர், புற்றுநோய் ஆராய்ச்சிக்காக நாட்டு மக்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு டாலராவது திரட்டிவிட வேண்டும் என்ற சங்கற்பத்தோடு, 1980 ஏப்ரல் 12 அன்று கீழ்க்கரையிலுள்ள செயின்ட் ஜான்ஸ் நகரிலிருந்து செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கி, 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தார். செப்டம்பர் முதல் தேதி, தண்டர் பே நகருக்கு அருகே, இருமலும் மார்பு வலியும் அவரை நிறுத்தின. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில், 22 வயதிலேயே, அவர் காலமானார். அவர் பெயரால் 1981 செப்டம்பரில் நடந்த முதல் ஓட்டத்தில் மூன்று லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். பின்னர் அது பல தேசங்களுக்கும் பரவி, சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடந்திருக்கிறது. அந்த ஓட்டத்தில் போட்டி கிடையாது. முதலில் வந்தவருக்குப் பரிசும் கிடையாது. ஓட இயலாதவர் நடக்கலாம். தர்ம காரியத்துக்காக முதன்முதலாக ஓடப் புறப்படும் எவரும் மனத்தில் இருத்த வேண்டிய லட்சணம் இதுவே என்பது என் துணிபு.

சரீரத்தைப் பழக்குதல்

இதுகாறும் ஓடியறியாத ஒருவர் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் தயாராக எட்டு முதல் பத்து வாரம் வேண்டும். வாரத்தில் மூன்று நாள், ஒரு நிமிஷம் மெல்ல ஓடி இரண்டு நிமிஷம் நடப்பதென்று தொடங்கி, ஓடும் நேரத்தைப் படிப்படியாக நீட்டிக்கொண்டு போவது உசிதம். உடன் வருபவரோடு மூச்சுத் திணறாமல் பேச முடிந்தால் வேகம் சரியென்று கொள்ளலாம். இருதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடுகின்றன. எலும்புகளும் தசைநாண்களுமோ மாதக்கணக்கில்தான் வலுப்பெறுகின்றன. உற்சாகம் மிகுந்தவர்கள் இடைவழியில் கணுக்கால் வலியோடும் முழங்கால் வலியோடும் வைத்தியரிடம் போய் நிற்பதற்கு இந்த ஏற்றத்தாழ்வு ஒரு முக்கிய காரணம். ஓடாத நாட்களிலேதான் சரீரம் தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது. ஆகையால் ஓய்வு நாளைச் சோம்பல் என்று எண்ணக்கூடாது. நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்கள் வைத்தியரின் யோசனை பெற்றே தொடங்க வேண்டும்.

ஓடி முடித்தவுடன்

எல்லைக்கோட்டைத் தாண்டியதும் பலர் அப்படியே நின்றுவிடுகிறார்கள். ஓடும்போது கெண்டைக்கால் சதைகள் சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை இருதயத்துக்கு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தன. அவ்வேலை சட்டென்று நின்றால், விரிந்திருக்கும் இரத்தக் குழாய்களில் இரத்தம் தேங்கி, மூளைக்குச் செல்வது குறைந்து, மயக்கம் வரக்கூடும். பத்து நிமிஷமாவது நடந்துவிட்டு அமர்வதே முறை.

தண்ணீரைத் தாகத்துக்கு ஏற்ப அருந்தினால் போதும். அளவு மீறிய தண்ணீர் இரத்தத்திலுள்ள சோடியத்தைக் குறைத்துவிடும். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்குப் பதின்மூவரிடம் இக்குறை காணப்பட்டது. நம் சீதோஷ்ணத்துக்கு உப்பிட்ட நீர்மோர் நல்ல பானம். வலி வருமுன்னரே வலிமாத்திரை விழுங்குவது சிறுநீரகத்துக்குக் கேடு.

மனம் இளகுவதற்கு

தர்ம ஓட்டத்துக்கென்று தனிப் பாரம் ஒன்று உண்டு. உற்றாரும் நண்பரும் நம்பிக் கொடுத்த நன்கொடைக்காக ஓடியே தீர வேண்டும் என்ற எண்ணம் பல வாரங்களாக நெஞ்சை அழுத்துகிறது. நோயால் பிரிந்த தாயின் நினைவாகவோ, குழந்தையின் நினைவாகவோ ஓடுகிறவருக்கு அப்பாரத்தோடு துயரமும் சேர்ந்துகொள்கிறது. அவர்கள் எல்லைக்கோட்டில் கண்ணீர் விட்டால் சமாதானம் சொல்லித் தடுக்க வேண்டாம். அருகில் நின்றாலே போதும். மறுநாள், அத்தனை நாள் பற்றியிருந்த இலக்கு இல்லாமற்போனதால் காரணம் விளங்காத வெறுமை சிலருக்குத் தோன்றும். இது பெரும்பாலும் சில நாட்களில் நீங்கிவிடும். நீங்காமல் வாரக்கணக்கில் நீண்டால் மனநல வைத்தியரைக் காண்பதில் லஜ்ஜைப்பட ஒன்றுமில்லை.

ஓட்டம் நெருங்கும்போது உண்டாகும் பரபரப்பில் அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புகள் மிகுந்து நாடியை விரைவுபடுத்துகின்றன. அதைத் தணிக்கச் செலவில்லாத சாதனம் சுவாசமே. நிமிஷத்துக்கு ஆறு முறையளவில், உள்ளிழுப்பதைக் காட்டிலும் வெளிவிடுவது நீண்டிருக்கும்படி மூச்சுவிட்டால், வேகஸ் என்னும் நரம்பின் வழியாக இருதயத் துடிப்பு நிதானப்படுகிறது. இதைச் சவாசனத்தில் படுத்தபடி இரவுதோறும் பயில்வது மேல். ஓட்டத்துக்கு முதல் நாள் தூக்கம் கெட்டதென்று கலங்க வேண்டியதில்லை. அதற்கு முந்திய வாரத்துத் தூக்கமே பெரும்பாலும் துணை நிற்கும்.

ஓட்டத்துக்குப் பின் இரண்டு மூன்று நாள் தொடையில் இருக்கும் வலிக்கு லாக்டிக் அமிலம் காரணம் என்பது தவறான அபிப்பிராயம். அது ஓரிரு மணி நேரத்தில் அகன்றுவிடுகிறது. தசை இழைகளில் உண்டான நுண்ணிய சேதமே காரணம். வெந்நீர்க் குளியலும் மெல்லிய நடையும் இதமளிக்கும். கடும் வலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

நிறுத்தத் தெரிதல்

மார்பில் அழுத்தம், தோளுக்குப் பரவும் வலி, குளிர் நடுக்கம், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அக்கணமே நின்று உதவி கேளுங்கள். நீங்கள் பாதியில் நின்றதற்காக எவரும் நன்கொடையைத் திரும்பக் கேட்பதில்லை. பெயர் பதிவு செய்யும் அன்றே, ஓட்டத்துக்கு மறுநாளைக்கும் அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.