காப்பி விளையும் மலையில் கூட்டுறவு

சேர்வராயன் மலையில் கூட்டுறவு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ரேஷன் கடையும் பயிர்க்கடனும்தான். இரண்டும் மலைவாழ் குடும்பங்களுக்கு வேண்டியவையே. ஆனால் கடன் கொடுத்து வசூலிக்கும் சங்கத்தில் நாலைந்து பேருக்குமேல் வேலை கிடைக்காது. விளைபொருளை வாங்கி, பதப்படுத்தி, விற்கிற சங்கத்தில்தான் வேலை பெருகும். அந்த மலையிலுள்ள ஏற்காட்டின் காப்பியை வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகும்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். பெரிய எஸ்டேட்டுகள் எழுந்தன. மலையாளி எனப்படும் இம்மலைப் பழங்குடியினர் அவற்றில் கூலிக்குப் போனார்கள். தங்கள் சிறு நிலங்களிலும் காப்பியும் மிளகும் வைத்தார்கள். இன்று ஒண்டிக்கடைப் பக்கம் வரும் சுற்றுலாப் பயணி பொட்டலத்தில் வாங்கும் காப்பித்தூளுக்கும், காட்டில் பழம் பறித்தவருக்குக் கிடைக்கும் காசுக்கும் இடையே பல கைகள் இருக்கின்றன.

ஒரு காலத்தில் அந்த இடைவெளியை அரசே நிரப்பியது. 1942-ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டத்தின்படி விளைந்த காப்பி காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குப் போனது. வாரியம் அதை ஏலத்தில் விற்றுத் தவணை தவணையாகப் பணம் தந்தது. பணம் தாமதமாக வருகிறது என்ற புலம்பல் நியாயமானது. ஆனால் சிறு விவசாயிக்கும் பெரிய எஸ்டேட்காரருக்கும் சந்தை ஒன்றாகவே இருந்தது. 1990-களில் படிப்படியாகத் தளர்ந்த இந்த ஏற்பாடு 1996-ல் முற்றிலும் முடிவுக்கு வந்தது. எஸ்டேட்காரர்களுக்கு அது விடுதலை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர்க்காரர்களோ வியாபாரியிடம் தனித்தனியாக நின்று பேரம் பேச வேண்டியதாயிற்று.

அந்தப் பேரத்தில் அவர்கள் தோற்பதற்குக் காரணம் காப்பிப் பழத்தின் இயல்பிலேயே இருக்கிறது. பறித்த பழத்தைத் தாமதிக்காமல் பல்ப்பர் இயந்திரத்தில் தோலுரித்து, ஊறவைத்துக் கழுவி உலர்த்தினால் பார்ச்மென்ட் காப்பி. அதற்கு நல்ல விலை. இயந்திரமும் தண்ணீரும் களமும் இல்லாதவர் பழத்தை அப்படியே காயவைத்து செர்ரியாகக் குறைந்த விலைக்கு விற்கிறார். முன்பணம் வாங்கியிருந்தால் விலை கேட்கும் உரிமையும் போய்விடுகிறது. ஒரு குடும்பத்தால் தனியாகப் பல்ப்பர் வைப்பது கட்டாது. ஐம்பது குடும்பம் சேர்ந்தால் கட்டும். உலர்த்த, தரம் பிரிக்க, வறுக்க, அரைக்க, பொட்டலம் போட என்று மலையிலேயே சம்பள வேலைகளும் உண்டாகும்.

ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில் இது நடந்திருக்கிறது. நாந்தி அறக்கட்டளையின் துணையோடு பழங்குடி விவசாயிகள் தங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகக் கிராமம் கிராமமாகப் பழத்தைத் திரட்டிப் பொது நிலையத்தில் பதப்படுத்தினார்கள். 2017-ல் அரக்குக் காப்பிக்குப் பாரிஸ் நகரத்தில் தனிக்கடையே திறந்தது.

ஏற்காட்டில் இதற்கான அமைப்பு புதிதாக முளைக்க வேண்டியதில்லை. 1971-ல் பாவா குழு, பழங்குடிப் பகுதிகளில் கடன், இடுபொருள், விற்பனை மூன்றையும் ஒரே கூரையின்கீழ் தரும் சங்கங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. லேம்ப் சங்கம் என்று மலையில் சொல்லப்படும் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அப்படி வந்தவை. ஏற்காட்டுச் சங்கமும் அவற்றில் ஒன்று. கடுக்காய், புளி, தேன் போன்ற சிறுவனப் பொருள்களைத் திரட்டி விற்பதும் இத்தகைய சங்கங்களின் பணி. ஆனால் கடன், இடுபொருள், விற்பனை மூன்றில் கடன்தான் ஓங்கியது; விற்பனை தேய்ந்தது.

மலையடிவாரத்துச் சேலத்திலேயே விற்பனையை முதன்மையாக்கி வென்ற கூட்டுறவு இருக்கிறது. 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் என்ற அந்தச் சங்கம் ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைக்காரர்களின் சரக்கைக் கிடங்கில் வைத்துக்கொண்டு முன்பணம் தருகிறது. பிறகு டெண்டரில் விற்றுக் கொடுக்கிறது. அவசரத்துக்கு அடிமாட்டு விலைக்கு விற்கும் நிலை அதனால் குறைந்தது. ஆனால் அதில் உறுப்பினர்கள் ஆலை உரிமையாளர்கள். மரவள்ளி பயிரிடுபவரோ ஆலைத் தொழிலாளியோ அல்ல. கூட்டுறவின் பலன் உறுப்பினர் பட்டியலில் இருப்பவருக்கே போகும் என்பதற்கு இது நேர் சான்று.

யார் உறுப்பினர் என்ற கேள்வி மலையில் இன்னும் கூர்மையானது. பழம் பறிப்பதில் பெண்களின் உழைப்பு பெரிது. பட்டாவோ பெரும்பாலும் ஆண்கள் பெயரில். பட்டாவைப் பார்த்து உறுப்பினர் சேர்த்தால் உழைப்பவரில் பாதிப்பேர் சங்கத்துக்கு வெளியே நிற்பார்கள். சட்டப் பாதுகாப்பும் எல்லோரையும் எட்டியதில்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பொதுவாக ஐந்து ஹெக்டேரும் பதினைந்து தொழிலாளர்களும் உள்ள தோட்டங்களைக் கணக்கில் வைத்தது. சிறு தோட்டத்துக் கூலிக்காரர்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1999 முதல் வலியுறுத்தும் கண்ணியமான வேலை என்பது வேலையோடு உரிமை, சமூகப் பாதுகாப்பு, பேசித் தீர்க்கும் வாய்ப்பு ஆகியவற்றையும் சேர்த்தது. கூட்டுறவை வளர்க்கச் சொல்லும் அதன் 2002-ஆம் ஆண்டின் 193-ஆம் பரிந்துரை, தொழிலாளர் சட்டத்தை ஏய்க்கப் போலிக் கூட்டுறவுகளை அமைப்பதைத் தடுக்கவும் சொல்கிறது. இது வெறும் சம்பிரதாய எச்சரிக்கை அல்ல. ஒப்பந்தக்காரர் ஒருவர் தன் ஆட்களையே உறுப்பினராக்கிச் சங்கம் என்று பெயர்ப்பலகை மாட்டிவிடலாம்.

தொழிலாளர்களே உரிமையாளர்களான கூட்டுறவும் காப்பித் தொழிலில் உண்டு. 1950-களில் காப்பி வாரியம் தன் காப்பி ஹவுஸ்களை மூடத் தொடங்கியபோது, வேலையிழந்தவர்களை ஏ.கே.கோபாலன் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டினார். 1957 முதல் எழுந்த அந்தச் சங்கங்களின் இந்தியன் காப்பி ஹவுஸ்கள் இன்றும் நடக்கின்றன. பரிமாறுபவரே பங்குதாரர், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பவரும் அவரே.

இந்தக் கடைசி அம்சத்தில்தான் தமிழகக் கூட்டுறவு நலிந்திருக்கிறது. 1976-க்குப் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சங்கங்கள் அரசு நியமித்த தனி அலுவலர்களின் கையில் இருந்தன. 2018-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களின் பதவிக்காலம் 2023-ல் முடிந்ததும் தனி அலுவலர்களே திரும்பி வந்தார்கள். அதிகாரி நடத்தும் சங்கம் விதிப்படி கடன் கொடுக்கும். அறுவடை நாளில் சந்தை விலையைப் பார்த்து உடனே முடிவெடுத்துப் பழம் வாங்காது. ஏற்காட்டுச் சங்கம் காப்பியில் இறங்க வேண்டுமானால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழத்துக்குக் கையில் காசு கொடுக்கும் அளவு முதலும், பறிக்கும் பெண்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த குழுவும் அதற்கு வேண்டும்.