நெத்தியில வெள்ளி பொட்டு, வாய்க்காலில் துள்ளும் 'கில்லி': தொட்டிக்கு வந்ததும் சாவது ஏன்?

நாகர்கோவில்:

மழை விட்டு லேசா வெயில் அடித்தால் போதும். குமரி மாவட்ட வாய்க்கால் கரைகளில் பழைய வேட்டியும் பாட்டிலுமாக வாண்டுகள் கூடிவிடுகிறார்கள். அவர்கள் குறி வைப்பது தண்ணீர் மட்டத்திலேயே மிதந்து, உச்சந்தலையில் வெள்ளி பொட்டு மின்ன அலையும் சின்ன மீனுக்குத்தான். ஆசையாக வீட்டுக்கு கொண்டு போகிறார்கள். மறுநாள் காலையில் பாதி மீன் செத்து மிதக்கிறது.

கடைக்காரர்கள் இதை 'கில்லி மீன்' என்கிறார்கள். பேரைக் கேட்டு பயப்பட வேண்டாம். டச்சு மொழியில் 'கில்' என்றால் வாய்க்கால். அதில் இருந்து வந்த பெயர் என்கிறார்கள். வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் கேரளாவில் இதற்கு மானத்துக்கண்ணி என்று பெயர். பெரிய ரகம் 4 அங்குலம் வரை வளரும். சின்ன ரகம் 2 அங்குலத்தை தாண்டாது.

பிடிக்கும்போதே கவனம்

நிழல் விழுந்தால் சிதறி ஓடிவிடும். அதனால் காலை வேளையில், கரையோர புல் பக்கமாக கொசுவலை துணியை கீழே விட்டு மெதுவாக தூக்க வேண்டும். 4, 5 மீன் போதும். ஒரு குட்டையையே வாரிக்கொண்டு வருவது அநியாயம். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம்-தேரூர் பக்கம் வலையோடு போகவே கூடாது. சரணாலயம், காப்புக்காடுகளில் அனுமதி இல்லாமல் பிடித்தால் வழக்கு வரும்.

வாய்க்கால் தண்ணீரையே வாளியில் பாதி அளவு எடுத்து, மேலே துணி கட்டி, வெயில் படாமல் கொண்டு வர வேண்டும். பிடித்த இடத்திலேயே கையில் எடுத்து வேடிக்கை பார்த்தால் செதில் போகும். பிறகு புண் வரும்.

குழாய் தண்ணீரா? உஷார்

மீன் சாவதற்கு முக்கிய காரணம் குழாய் தண்ணீரில் உள்ள குளோரின். அந்த தண்ணீரை அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் முழுக்க திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். அவசரம் என்றால் மீன் கடையில் குளோரினை முறிக்கும் சொட்டு மருந்து கிடைக்கும். கிணற்று தண்ணீர் இருந்தால் தொல்லையே இல்லை.

இன்னொரு காரணம் சூடு வித்தியாசம். மீனை பாலிதீன் பையில் மாற்றி, பையை தொட்டி தண்ணீரில் 20 நிமிடம் மிதக்க விட வேண்டும். பிறகு 5 நிமிடத்துக்கு ஒரு தடவை அரை டம்ளர் தொட்டி தண்ணீரை பைக்குள் ஊற்ற வேண்டும். முக்கால் மணி நேரம் இப்படி செய்தபின் மீனை மட்டும் வலையால் எடுத்து விடலாம். வாய்க்கால் தண்ணீரை தொட்டியில் கொட்டக்கூடாது. அட்டை, கிருமி எல்லாம் கூடவே வரும்.

ஏற்கனவே மீன் உள்ள தொட்டியில் நேராக விடுவதும் தப்பு. தனி டப்பில் 3 வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். உடம்பில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளி தெரிந்தால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தம். குணமாகும் வரை மற்ற மீனோடு சேர்க்கக்கூடாது.

மூடி கண்டிப்பாக வேண்டும். இந்த மீன் அப்படி துள்ளும்! தரையில் காய்ந்து கிடந்த பிறகு அழுது பயன் இல்லை. கப்பி குட்டிகளை கூட விட்டால் ஒன்று மிஞ்சாது.

முதல் சில நாள் கடை தீவனத்தை தொடாது. கொசுப்புழு கொடுத்தால் பாய்ந்து தின்னும். கொசு ஒழிப்புக்காக 1928-ல் இந்தியாவுக்கு கொண்டு வரப்பட்ட கம்பூசியா நம் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்தே தின்கிறது. கொசுப்புழு தின்ன நம்மூர் மீனே இருக்கும்போது வெளிநாட்டு மீன் எதற்கு? வளர்க்க அலுத்துப்போனது என்று கடையில் வாங்கிய மீனை வாய்க்காலில் விடுவதும் இதே கெடுதல்தான்.

தொட்டியில் வேலம்பாசி போட்டால் அதில் முட்டை ஒட்டும். அதை எடுத்து தனி பாத்திரத்தில் வைக்காவிட்டால் தாய் மீனே தின்றுவிடும். சுமார் 2 வாரத்தில் குஞ்சு வெளியே வரும்.