தலைக்கு மேல் வலை!

"மாப்ளே, நம்ம கடைக்குத் தலை போயிடுச்சு. உடனே கிளம்பி வா!"

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மாமா இப்படி போன் பண்ணினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? புயல், இடி, புல்டோசர் என்று நான் வரிசையாக நினைத்துவிட்டேன். பல் தேய்த்தது பாதி, தேய்க்காதது பாதியாக ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, திருவானைக்காவலில் இறங்கி ஓடினேன்.

கடை முழுசாக இருந்தது. போர்டு இருந்தது. மாமாவும் முழுசாக இருந்தார். கையில் இருந்த செல்போனை என் மூக்கு வரை நீட்டினார்.

"பாரு, தலை எங்க?"

போனவை கடையின் தலை இல்லை. கடையின் வலைத்தளத்துத் தலை. ஹெட்டர்!

கொஞ்சம் பின்கதை. மாமாவுடையது கல்யாணப் பத்திரிகை அச்சகம். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த காலத்தில் ஆரம்பித்தவர். இன்று ஆப்செட், பேஜ்மேக்கர் எல்லாம் வந்துவிட்டாலும் பழைய எழுத்துப் பெட்டிகளை விற்காமல் வைத்திருக்கிறார். அச்சகத்துக்கு என் பாட்டி பெயர். 'ஸ்ரீ' என்று ஆரம்பித்து, நடுவில் பாட்டி, கடைசியில் 'அச்சகம், திருவானைக்காவல்'. அதை வலைத்தளத்தில் ஏற்றியது மாமா பையன். வெளிநாட்டு ஆர்டர் வரும் என்று கணக்கு.

வந்தது. உறையூர்க்காரர் ஒருவர், சிங்கப்பூரில் இருப்பவர், பெண் கல்யாணத்துக்கு 500 பத்திரிகை கேட்டார். அட்வான்ஸ் போடுவதற்கு முன் தளத்தைத் திறந்து பார்த்தார். 'அச்சகம்' என்பதில் இரண்டு புள்ளியையும் காணோம். 'அசசகம' என்று நின்றது. அடுத்த வரியில் 'திருவா' வரைக்கும் வந்து, அப்புறம் கறுப்பு டைமண்டுக்குள் ஒரு கேள்விக்குறி.

"உங்க பேருலயே பிழை. எங்க பொண்ணு பேரை எப்படிப் போடுவீங்க?" என்று போனில் கேட்டு, ஆர்டரை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார்.

மாமா பையன் அலட்டிக்கொள்ளவில்லை. "அத்தான், இந்த டெம்ப்ளேட் தமிழுக்கு ஒத்துழைக்காது. பேரை இங்கிலீஷ்ல போட்டுட்டா ஜம்முனு நிக்கும்" என்றான்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி, பழைய எழுத்துப் பெட்டி மேல் இருந்த தூசியைத் துடைக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. "ஒரு நாள் டயம் கொடுடா" என்று சொல்லிவிட்டேன். நான் படித்தது பி.காம். பத்திரிகைக்கு எழுதுவதை டைப் அடித்து அனுப்புவதால், குடும்பத்தில் 'கம்ப்யூட்டர் தெரிந்தவன்' என்ற கெட்ட பெயர்!

* * *

டெம்ப்ளேட், தீம் என்பதெல்லாம் ரெடிமேட் சட்டை மாதிரி. 2003-இல் வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருள் வந்தது. இன்று உலகத்து வலைத்தளங்களில் பத்தில் நாலு அதில்தான் ஓடுகிறது. அதற்கு ஆயிரக்கணக்கில் தீம்கள். தலைக்கு ஒரு ஃபைல், காலுக்கு ஒரு ஃபைல், அலங்காரத்துக்கு ஒரு ஃபைல். நாம் பெயரை மட்டும் நிரப்ப வேண்டியது. சட்டை தைத்தவர் இங்கிலீஷ்காரர் உடம்புக்கு அளவெடுத்திருந்தால், நம் தோளில் பிடிக்கத்தான் பிடிக்கும். அதற்காகத் தோளையா வெட்டுவது?

தமிழுக்கு இந்தக் கஷ்டம் புதிதல்ல. தொண்ணூறுகளில் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு. அதை இறக்கிப் போட்டால்தான் படிக்க முடியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு போட்டு ஓர் ஒழுங்குக்கு முயன்றார்கள். யூனிகோட் என்ற உலகப் பொதுப் பட்டியலில் 1991-இலேயே தமிழுக்கு இடம் உண்டு. தமிழக அரசு 2010-இல் அதை ஏற்று ஆணை போட்டது. ஆனால் பத்திரிகை அச்சடிக்கும் கடைகள் பலவற்றில் இன்றும் பேஜ்மேக்கர், பாமினிதான்.

மாமா பையனும் முதல் நாள் பேஜ்மேக்கரிலிருந்து ஊர்ப் பெயரைக் காப்பியடித்துத் தளத்தில் ஒட்டியிருக்கிறான். தெரிந்தது என்ன தெரியுமா? ஜே, பி, யூ, டி, ஹெச் என்று போய், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என இரண்டு அரைப்புள்ளி! காரணம், பாமினி என்பது தமிழ் முகமூடி போட்ட இங்கிலீஷ் எழுத்து. முகமூடி இல்லாத இடத்தில் சாயம் வெளுத்துவிடும். அவன் அதை யூனிகோடுக்கு மாற்றி ஒட்டி, ஒரு கண்டம் தாண்டியிருந்தான். கெட்டிக்காரன்தான், பொறுமைதான் இல்லை.

தமிழ்த் தலை கோளாறுக்கு நாடி பார்ப்பது சுலபம். ஆபீஸில் உங்கள் தலையில் இந்த வேலை விழுந்தால் உதவும், குறித்துக்கொள்ளுங்கள்.

எழுத்துக்குப் பதில் காலிக் கட்டங்கள் வந்தால், எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், கேடமரான் மாதிரி இலவச எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்தால் தீர்ந்தது.

தலையில் சாய்கோடு போட்ட குட்டி 'ஏ'யும், பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' என்ற டிரேட் மார்க் குறியும் மாற்றி மாற்றி வந்தால் பயப்படாதீர்கள். உள்ளே இருப்பது நல்ல தமிழ்தான். படிக்கிற பிரவுசர் தப்பான அட்டவணையை வைத்துக்கொண்டு படிக்கிறது. 'இது யூடிஎஃப் 8' என்று தலைப் பகுதியில் ஒரு வரி சொன்னால் தெளிந்துவிடும்.

வரிசையாக வெறும் கேள்விக்குறிகள் வந்தால்தான் வருத்தம். பெரும்பாலும், தமிழ் தெரியாத பெட்டியில் சேமிக்கும்போதே எழுத்து செத்துப்போயிருக்கும். பெட்டியைச் சரிசெய்து, திரும்ப டைப் அடிக்க வேண்டியதுதான்.

எங்கள் கேஸ் இந்த மூன்றும் இல்லை. புள்ளி எங்கே போனது?

கண்டுபிடித்தது நான் இல்லை, மாமா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். "மாப்ளே, புள்ளி இல்லாம இல்ல. வெட்டுப்படுது. கொக்கியோட மேல் நுனியும் பாரு, மழுங்கிக் கிடக்கு. நாங்க வரிக்கும் வரிக்கும் நடுவுல ஈயத் தகடு சொருகுவோம். இவன் தகடே போடல!"

நூற்றுக்கு நூறு சரி. இங்கிலீஷ் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும் போலீஸ்காரர்கள். நம் எழுத்துக்கு மேலே கொக்கி, புள்ளி, கீழே சுழி, வால். தீமில் வரி உயரம் என்று ஓர் அளவு உண்டு. அது எழுத்தின் அளவுக்குச் சரியாக ஒரு மடங்கு. மீறினால் வெட்டு என்று வேறு உத்தரவு. ஒன்றை ஒன்றரை ஆக்கினேன், வெட்டும் உத்தரவை நீக்கினேன். 'அச்சகம்' இரண்டு புள்ளியோடும் எழுந்து உட்கார்ந்தது!

"இன்னும் பழசுதானே தெரியுது?" என்றார் மாமா. அவர் போன் பழைய படத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு அதையே காட்டியது. பழைய சோறு! சேமிப்பைத் துடைத்ததும் அதுவும் சரி. பாதிப் பேர் இந்த இடத்தில்தான் 'மாற்றியும் மாறவில்லை' என்று நம்பி, சரியாக இருப்பதைத் திரும்பக் கெடுக்கிறார்கள்.

* * *

அடுத்தது 'திருவா' மர்மம். ஊர்ப் பெயரில் நமக்கு 8 எழுத்து. கம்ப்யூட்டருக்கு 'தி' என்பது ஒன்றல்ல. 'த' ஒன்று, கொக்கி ஒன்று. அப்படிப் பிரித்தால் 15 துண்டு. ஒவ்வொரு துண்டும் சேமிக்க 3 பைட் கேட்கும். மொத்தம் 45. அதே பெயரை இங்கிலீஷில் எழுதினால் 15 பைட்டில் முடிந்துவிடும்.

போனில் பார்க்கும்போது தலைப்பு நீளக் கூடாது என்று 20 பைட்டில் வெட்டச் சொல்லியிருந்தார் தீம் எழுதியவர். பதினெட்டில் 'திருவா' முடிந்துவிட்டது. மிச்சம் 2 பைட்டில் 'ன' என்ற எழுத்தின் மூன்றில் இரண்டு பங்கு! அரைகுறை எழுத்தைப் படிக்கத் தெரியாமல் பிரவுசர் போட்ட கேள்விக்குறிதான் அந்த டைமண்ட்.

வெட்டுகிற கட்டளைக்குப் பெயர் சப்ஸ்டர். முன்னால் 'எம்பி' சேர்த்தால் பைட்டை விட்டுவிட்டுத் துண்டுகளை எண்ணும். (எம்.பி. சிபாரிசு இருந்தால் எங்கேயும் வேலை நடக்கும் போல!) ஆனால் அதுவும் கொக்கியை மட்டும் வெட்டிவிடும் ஆபத்து உண்டு. பேசாமல் வெட்டையே எடுத்துவிட்டு, பெயர் இரண்டு வரியாக மடங்க இடம் விட்டேன்.

ஜம்பமாக சேமித்துவிட்டுத் திறந்தால், தளமே காணோம். வெள்ளைத் திரையில், 'ஹெட்டர் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது' என்று இங்கிலீஷில் ஒரு குற்றச்சாட்டு.

"இருந்த தலையும் போச்சா அத்தான்?" என்றான் மாமா பையன், ரொம்ப அக்கறையாக.

வியர்த்துவிட்டது. விஷயம் இதுதான். ஹெட்டர் இரண்டு வகை. கண்ணுக்குத் தெரியும் தலைப்பு ஒன்று. பக்கம் கிளம்புமுன் சர்வர் பிரவுசருக்கு அனுப்பும் கவர் விலாசம் மாதிரி ஒன்று. கவருக்கு முன்னால் கடிதத்தின் ஒரு துணுக்கு போய்விட்டாலும், அப்புறம் விலாசம் எழுத முடியாது. நான் ஃபைலின் உச்சியில் தெரியாமல் ஒரு வெற்று வரி விட்டிருந்தேன். ஒன்றுமே இல்லாத ஒரு வரி! அந்தச் செய்தியிலேயே எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்று எழுதியிருந்தது. பதற்றத்தில் அதை யார் படித்தது? நீங்கள் படியுங்கள்.

அதற்கப்புறம் நம்ம பி.காம். புத்தி வேலை செய்தது. பாங்க் பாஸ்புக்குக்கும் நம் கணக்குக்கும் வித்தியாசம் வந்தால் என்ன செய்வோம்? ஒவ்வொரு என்ட்ரியாக டிக் அடிப்போம். அதேதான். தொடுவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். உடனே பார். நோட்டில் எழுது. சாயங்காலத்துக்குள் தலை நிமிர்ந்துவிட்டது. கூலியாக பார்த்தசாரதி விலாஸில் நெய் தோசை.

* * *

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போன். "மாப்ளே, பழையபடி அசசகம!"

திருவானைக்காவல் தல புராணம் தெரியுமோ? வெண்ணாவல் மரத்தடியில் இருந்த லிங்கத்தின் தலைமேல் சருகு விழக் கூடாது என்று ஒரு சிலந்தி வலை பின்னிப் பந்தல் போட்டதாம். நீர் மொண்டு வந்து அபிஷேகம் செய்யும் யானைக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது; பிய்த்துப் போட்டது. சிலந்தி மறுபடி பின்ன, யானை மறுபடி பிய்க்க... இந்த ஊரில் தலைக்கு மேல் வலைப் பிரச்னை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது!

எங்கள் யானையின் பெயர் அப்டேட். தீம் எழுதியவர் புதுப் பதிப்பு விட்டார். மாமா பையன் பொத்தானை அழுத்தினான். பழைய ஃபைல்கள் போய்ப் புது ஃபைல்கள் உட்கார்ந்தன. அவற்றில் நான் பின்னிய வலை ஏது? யானை மேல் தப்பில்லை. அதுவும் சுத்தம் பண்ணத்தான் வந்தது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதால் அப்டேட்டைத் தடுக்கவும் கூடாது.

சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை நுழைய முடியாத கோயில்களாகக் கட்டியது என்பார்கள். வேர்ட்பிரஸிலும் அப்படி ஒரு குறுகிய வாசல் உண்டு. சைல்டு தீம். தாய் தீமைத் தொடாமல், தனி ஃபோல்டரில் குழந்தை தீம் ஒன்று வைத்து, நம் மாற்றங்களை அதில் மட்டும் எழுதுவது. அப்டேட் தாயைத்தான் மாற்றும், குழந்தையைத் தொடாது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். செய்யாதது என் மடத்தனம்.

போகிற போக்கில் இன்னொன்றும் பிடிபட்டது. தளத்தின் தேடல் பெட்டியில் அச்சகத்தின் பெயரை மாமா அடித்தால், 'ஒன்றும் இல்லை' என்றது. எதிரே கொட்டை எழுத்தில் பெயர்! உருப்பெருக்கி வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் இல்லை. ஆனால் இருந்தது. 2005-இல் யூனிகோட் பட்டியலில் 'ஶ' என்ற எழுத்து புதிதாகச் சேர்ந்தது. அதிலிருந்து 'ஸ்ரீ'யை இரண்டு விதமாகக் கோக்கலாம். 'ஸ'வில் ஆரம்பித்து ஒன்று, 'ஶ'வில் ஆரம்பித்து ஒன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே முகம். கம்ப்யூட்டருக்கு மட்டும் வேறு வேறு ஆள். தளத்தில் ஒன்று, மாமாவின் போனில் மற்றொன்று. பக்கத்து ஊர் ஸ்ரீரங்கத்துக்காரர்களே, உங்கள் தளத்தையும் ஒருமுறை பாருங்கள்!

உறையூர்க்காரர் ஆர்டர் திரும்பி வரவில்லை. போனது போனதுதான். ஆனால் 'இங்கிலீஷ்ல போட்டுடலாம்' என்ற பேச்சு அதோடு நின்றது. நோட்டில் எழுதிய மாற்றங்களை மாமா பையன் தனக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொண்டான்.

கடைசியாக எல்லாம் முடிந்ததும் மாமா லென்ஸை எடுத்து, போனில் எழுத்து எழுத்தாகப் புரூஃப் பார்த்தார். கொக்கி, புள்ளி, சுழி. பாட்டி பெயரில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் லென்ஸ் நின்றது.

"சரியா இருக்கு. அச்சுக்குப் போகலாம்" என்றவர், பழக்க தோஷத்தில் பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, திரையிலேயே கையெழுத்துப் போடப் போனார்.

நல்ல வேளை, கையைப் பிடித்துவிட்டேன்!