உயிருள்ள எலும்பும் குடிநீரும்

மனித உடலைத் தாங்கி நிற்கும் எலும்புக் கூட்டினை வீட்டின் தூண்களுக்கும் உத்திரங்களுக்கும் ஒப்பிடுவது வழக்கம். இவ்வொப்புமை ஓரளவு பொருத்தமானதே. ஆயினும் தூண் நட்டது நட்டபடியே நிற்கும். எலும்போ நாள்தோறும் சிறிது அழிந்து, நாள்தோறும் சிறிது புதிதாக உண்டாகிறது. இரத்தத்துடன் ஓயாது கொடுக்கல் வாங்கல் நடத்தும் உயிருள்ள உறுப்பு அது. ஆகையால் உண்ணும் உணவிலும் பருகும் நீரிலும் உள்ள நன்மையும் தீமையும் எலும்பில் வந்து படிகின்றன. நம் நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் முதுகு விறைத்து, முழங்கால் வளைந்து துன்புறுவோரின் நிலைக்குக் காரணம் இந்த உண்மையில்தான் அடங்கியிருக்கிறது.

எலும்புக் கூட்டின் அமைப்பு

பிறந்த குழந்தையின் உடலில் ஏறத்தாழ 300 எலும்புப் பகுதிகள் உள்ளன. இவற்றுட் பல, வளர்ச்சியின்போது ஒன்றோடொன்று இணைந்து விடுவதால், வளர்ந்த மனிதனின் உடலில் பொதுவாக 206 எலும்புகளே காணப்படுகின்றன. மண்டை ஓடு, முதுகெலும்பு, விலா எலும்புகள், மார்பெலும்பு முதலியவை அடங்கிய நடுப்பகுதியில் 80 எலும்புகளும், தோள், இடுப்பு, கை, கால் ஆகியவற்றில் 126 எலும்புகளும் உள்ளன. இரு கைகளிலும் இரு பாதங்களிலும் மட்டுமே, மணிக்கட்டும் கணுக்காலும் உட்பட, 106 எலும்புகள் இருக்கின்றன. நுட்பமான வேலைகளைக் கை செய்வதற்கும், மேடுபள்ளமான தரையில் பாதம் ஊன்றி நடப்பதற்கும் இந்த அமைப்பே துணை செய்கிறது.

எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாதுப் பொருள். இது பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பரமும் சேர்ந்த உப்பாகும். எஞ்சியதில் பெரும்பகுதி கொல்லாஜன் என்னும் புரத நார். தாது உப்பு எலும்பிற்குக் கெட்டித் தன்மையையும், நார் வளைந்து கொடுக்கும் தன்மையையும் அளிக்கின்றன.

இதனை வகுப்பறையிலேயே எளிதாக மெய்ப்பித்துக் காட்டலாம். சுத்தம் செய்த கோழிக்கால் எலும்பு ஒன்றை வினிகரில் பல நாட்கள் ஊறவைத்தால், தாது உப்பு கரைந்து போய், எலும்பு ரப்பரைப் போல் வளையும். மற்றோர் எலும்பை ஆசிரியரே நெருப்பிலிட்டு நன்றாகச் சுட்டால், நார் எரிந்து போய், உருவம் மாறாமல் இருந்தும் விரலால் அழுத்தியவுடன் நொறுங்கும். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் எலும்பு உறுதியாக இருக்கும் என்பது மாணவர்களின் மனத்தில் பதியும்.

எலும்பின் பணிகள்

உடலுக்கு உருவம் தருவதும், தசைகள் பற்றி இழுப்பதற்கு நெம்புகோலாக இருந்து அசைவை உண்டாக்குவதும் எலும்பின் வெளிப்படையான பணிகள். மண்டை ஓடு மூளையையும், விலாக்கூடு இருதயத்தையும் நுரையீரலையும், முதுகெலும்பின் நடுவே செல்லும் குழல் தண்டுவடத்தையும் காக்கின்றன. எலும்பினுள் இருக்கும் சிவப்பு மஜ்ஜை, இரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் இடமாகும். வளர்ந்தவர்களிடம் இது மார்பெலும்பு, விலா, இடுப்பெலும்பு, முதுகெலும்பு போன்றவற்றில் இருந்து கொண்டு, வினாடி ஒன்றுக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது.

கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு பணியும் உண்டு. உடலிலுள்ள கால்சியத்தில் 99 சதவிகிதம் எலும்பிலும் பல்லிலும் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. இருதயத் துடிப்புக்கும் தசைகளின் இயக்கத்துக்கும் நரம்புகளின் செயலுக்கும் இரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட அளவு கால்சியம் எப்போதும் இருந்தாக வேண்டும். உணவின் மூலம் அது போதிய அளவு கிடைக்காதபோது, கழுத்திலுள்ள பாராதைராய்டுச் சுரப்பிகளின் ஏவலால் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கப்படுகிறது. எலும்பைக் கரைக்கும் அணுக்களும் எலும்பைக் கட்டும் அணுக்களும் அருகருகே வேலை செய்கின்றன. இவ்விதம் வளர்ந்தவரின் எலும்புக் கூட்டில் ஆண்டுதோறும் சுமார் பத்தில் ஒரு பங்கு புதுப்பிக்கப்படுகிறது. குழந்தைகளிடம் இவ்வேலை இன்னும் விரைவாக நடைபெறும்.

களஞ்சியத்தில் சேரும் நஞ்சு

கால்சியத்தை ஏற்கும் இதே களஞ்சியம் புளோரைடையும் ஏற்றுக் கொள்கிறது. கருங்கல் வகைப் பாறைகள் சிலவற்றில் புளோரைடு சேர்ந்த தாதுக்கள் உள்ளன. பாறையின் ஊடே நெடுங்காலம் தங்கும் நிலத்தடி நீரில் இவை சிறிது சிறிதாகக் கரைகின்றன. அந்நீருக்கு நிறமும் இல்லை. வேறுபட்ட மணமோ சுவையோ இல்லை. குறைந்த அளவு புளோரைடு பல் சொத்தையைத் தடுக்கும். அளவு மிகுந்தால் அதுவே நஞ்சாகிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது.

மிகுதியான புளோரைடு எலும்பின் தாது உப்பில் இடம் பெறும்போது, எலும்பின் கட்டுமானம் ஒழுங்கு கெடுகிறது. எலும்பு வேண்டாத இடங்களில் தடிக்கிறது. மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்களிலும் சுண்ணாம்பு படிகிறது. முதலில் மூட்டு வலியும், கழுத்திலும் முதுகிலும் விறைப்பும் தோன்றும். ஆண்டுகள் செல்லச் செல்ல முதுகெலும்பு அசைவற்றுப் போகும். தண்டுவடம் செல்லும் குழல் குறுகி, நரம்புகள் நசுங்கி, கால்கள் செயலிழப்பதும் உண்டு.

இந்நோய் நம் நாட்டில் இருப்பதை 1937ஆம் ஆண்டில் ஷார்ட் முதலிய மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் விரிவாக வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்தது, அன்று சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாக் கிராமங்களை. பின்னர் இந்நோய் ராஜஸ்தான், குஜராத், பஞ்சாப், கர்நாடகம், தமிழ்நாடு முதலிய பல மாநிலங்களிலும் இருப்பது தெரிய வந்தது. 1973இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், புளோரைடு மிகுந்த பகுதியில் வளரும் இளைஞர்களிடையே முழங்கால்கள் உட்புறம் வளைந்து ஒன்றோடொன்று முட்டும் நோயை விவரித்தனர். உணவில் கால்சியம் குறைவாக உள்ளவர்களை புளோரைடு கடுமையாகத் தாக்குகிறது. ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம் என்பதற்கு இதுவே காரணம்.

அறிகுறிகளைக் கண்டறிதல்

முதல் எச்சரிக்கையைப் பள்ளி ஆசிரியரே காண இயலும். நிலைப்பற்கள் ஈறினுள் உருவாகும் வயதில், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள், மிகுதியான புளோரைடு உட்சென்றால், பின்னர் முளைக்கும் பற்களில் சுண்ணாம்பு போன்ற வெண்மையான அல்லது பழுப்பான கோடுகள் குறுக்காகக் காணப்படும். வாயின் இருபுறத்திலும் ஒரே வகைப் பற்களில் இவை இணையாகத் தோன்றும். கறை பல்லினுள்ளேயே இருப்பதால் துலக்கினால் போகாது. இத்தகைய மாணவனைப் பல் துலக்காதவன் என்று கடிந்து கொள்வது தவறு. ஒரு வகுப்பில் பலருக்கு இக்கறை இருந்தால், அவ்வூர்க் கிணற்று நீரைச் சோதிக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

வளர்ந்தவர்களிடம் களப்பணியாளர் மூன்று எளிய சோதனைகளைச் செய்து பார்க்கலாம். முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடச் செய்தல். மோவாயை மார்பில் பதியச் செய்தல். கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கிப் பிடரியைத் தொடச் செய்தல். இவை இயலாதவருக்கெல்லாம் புளோரைடு நோய்தான் என்று முடிவு கட்டலாகாது. அவர்களை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

தடுக்கும் வழிகள்

முற்றிய நிலையில் எலும்பில் ஏற்பட்ட கேட்டினை மாற்ற இயலாது. ஆதலால் தடுப்பே தலையாய வழி. நீரைக் காய்ச்சுவதால் புளோரைடு நீங்காது. நீர் ஆவியாகிச் சுண்டுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். ஒரே ஊரில் ஒரு கிணற்று நீர் தீயதாகவும், மற்றொன்று நல்லதாகவும் இருக்கக் கூடும். எனவே ஒவ்வொரு கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் தனித்தனியே சோதித்து, குடிக்கத் தகாதவற்றின் மேல் தெளிவாகக் குறியிட வேண்டும். அந்நீரைத் துணி துவைக்கவும் குளிக்கவும் பயன்படுத்தலாம். குடிக்கவும் சமைக்கவும் கூடாது.

நல்ல கிணறு, சேமித்த மழைநீர், சுத்திகரித்த ஆற்று நீர் ஆகியவை சிறந்த மாற்று வழிகள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் திட்டம் 2013இல் இந்நோக்கத்துடனேயே தொடங்கி வைக்கப்பட்டது. வேறு நீர் கிடைக்காத இடங்களில், நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் வகுத்த நல்கொண்டா முறை உதவும். சுண்ணாம்பையும் படிகாரத்தையும் நீரில் கலக்கி, தெளியவிட்டு, வடிகட்டும் முறை அது. நீருக்கு நீர் அளவு மாறுமாகையால், சோதனைச்சாலையின் ஆலோசனைப்படியே இவற்றைச் சேர்க்க வேண்டும்.

உணவில் பால், மோர், கேழ்வரகு, கீரை, நெல்லி முதலியவற்றைச் சேர்த்துக் கொள்வதும் பயன் தரும். கால்சியம் குடலிலேயே புளோரைடுடன் சேர்ந்து, அது உடலில் ஏறுவதைக் குறைக்கிறது.

குழந்தையின் எலும்பு நாள்தோறும் கட்டப்பட்டு வருகிறது. அதற்கு வேண்டிய பொருள் குடத்து நீரிலிருந்தும் உண்கலத்து உணவிலிருந்தும் வருகிறது. பள்ளியின் குடிநீரை இவ்வாண்டு ஒருமுறை சோதித்து, அதன் முடிவை ஊரார் அறியச் செய்யும் ஆசிரியர், அங்குப் பயிலும் குழந்தைகள் பிற்காலத்தில் நிமிர்ந்து நடப்பதற்குத் துணை செய்தவராவார்.