சைகையா, சுயபுத்தியா?

பேஸ்பால் ஆடும் சிறுவர்களுக்குக் களத்தில் எவ்வளவு சுதந்திரம் தரலாம்? ஜப்பானியப் பள்ளி மைதானங்களின் அனுபவம் சொல்லும் பதில் அத்தனை சுலபமானதல்ல.

ஆகஸ்ட் 16, 1992. ஜப்பானின் கோஷியென் மைதானத்தில் தேசிய உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டி. செய்ரியோ பள்ளியின் நட்சத்திரம் ஹிதேகி மட்சுயி ஐந்து முறை பேட் செய்ய வந்தார். எதிரணியான மெய்தோகு கிஜுகுவின் பிட்சர் ஐந்து முறையும் பந்தை அவருக்கு எட்டாமல் விலக்கியே வீசினார். இப்படி நான்கு பந்துகள் வீணானால் பேட் செய்பவர் இலவசமாக முதல் பேஸுக்குப் போய்விடலாம். போகட்டும், ஹோம் ரன் மட்டும் வேண்டாம் என்பது கணக்கு. கணக்கு பலித்தது. மெய்தோகு 3-2 என்று வென்றது. ஆனால் அரங்கம் கொதித்தது. மெகாபோன்கள் மைதானத்துக்குள் வந்து விழுந்தன. ஆட்டம் சற்று நேரம் நின்றது. மட்சுயி அன்று ஒரு முறைகூட பேட்டைச் சுழற்றவில்லை.

கூச்சலுக்கு நடுவே நின்று பந்து வீசியவர் ஒரு பள்ளி மாணவர். ஆனால் முடிவு அவருடையதல்ல. பயிற்சியாளர் ஷிரோ மபுசியின் உத்தரவு அது. பள்ளிப் பையன்களுக்கு நடுவில் தொழில்முறை வீரர் ஒருவர் நின்றதைப் போல மட்சுயி தெரிந்தார் என்பது மபுசி தரப்பு நியாயம். விதிப்படி தவறு ஏதுமில்லை. அவர் மதிப்பீட்டிலும் பிழையில்லை: மட்சுயி பிற்பாடு நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஆடி, 2009இல் வேர்ல்ட் சீரிஸின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டமும் பெற்றார். இருந்தும் ஒரு கேள்வி மிஞ்சியது. பள்ளிப் பையன்களின் ஆட்டத்தில் ஆடுவது யார்? பையன்களா, பெரியவர்களா?

கிரிக்கெட் பார்த்துப் பழகிய இந்திய ரசிகருக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாகப் படலாம். கிரிக்கெட்டில் களத்துக்குள் கேப்டன் வைத்ததுதான் சட்டம். 1999 உலகக் கோப்பையில் ஹோவ் மைதானத்தில் இந்தியாவுக்கு எதிரான ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹான்ஸி குரோனியே காதில் கருவி மாட்டிக்கொண்டு இறங்கினார். பெவிலியனிலிருந்து பயிற்சியாளர் பாப் உல்மர் பேசுவதைக் கேட்கத்தான். கருவியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அந்தப் போட்டியில் அதற்குத் தடையும் வந்தது.

பேஸ்பாலில் கதையே வேறு. மூன்றாவது பேஸ் அருகே நிற்கும் பயிற்சியாளர் தொப்பியைத் தொடுவார், மூக்கைத் தடவுவார், பெல்ட்டைத் தட்டுவார். ஒவ்வொரு சைகைக்கும் ஓர் அர்த்தம்: அடி, அடிக்காதே, பந்தை மெல்லத் தட்டிவிடு, அடுத்த பேஸுக்கு ஓடு. அமெரிக்கப் பள்ளி பேஸ்பாலில் 2024 பருவத்திலிருந்து இன்னும் ஒரு படி மேலே. அணி பந்து வீசும்போது, டக் அவுட்டில் உட்கார்ந்தபடியே கேட்சருக்கு மின்னணுக் கருவி மூலம் அடுத்த பந்து என்ன என்று பயிற்சியாளர் சொல்லலாம். கேட்சர் பதில் பேச முடியாது. கருவி ஒருவழிப் பாதை.

கட்டுப்பாட்டின் நியாயம்

பயிற்சியாளர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கோஷியெனுக்கு வருவதற்கான தகுதிச் சுற்றுகளில் ஜப்பான் முழுவதிலிருந்தும் 3,000க்கும் அதிகமான அணிகள் மோதுகின்றன. தேறுபவை 49. முதல் சுற்றிலிருந்து இறுதி ஆட்டம் வரை ஒரு தோல்வி என்றால் கதை முடிந்தது. மூன்று வருட உழைப்பு ஒரு பிற்பகலில் முடிந்துபோகும். இந்தச் சூழலில் 16 வயதுப் பையனின் ஊகத்தை நம்புவதைவிட, முப்பது வருடம் ஆட்டம் பார்த்தவரின் கணக்கை நம்புவது புத்திசாலித்தனம் என்று தோன்றுவது இயல்பு. இன்னொன்றும் உண்டு. உத்தரவுப்படி ஆடித் தோற்றால் பழி பையன் தலையில் விழுவதில்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் டக் அவுட்டைத் திரும்பிப் பார்க்கும் கேட்சர், தன் எதிரே நிற்பவரைப் பார்ப்பதில்லை. பேட் செய்பவர் காலை அரை அடி முன்னே நகர்த்தியிருக்கிறாரா, போன வேகப்பந்துக்குத் தாமதமாக பேட் வீசினாரா, பிட்சரின் கை தளர்கிறதா? இவை மிக அருகே தெரிவது கேட்சருக்குத்தான். அதேபோல முதல் பேஸில் நிற்கும் ஓட்டக்காரருக்கு பிட்சரின் தோள் திரும்புவதும் குதிகால் எழும்புவதும் தெரியும். ஓடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க ஒரு நொடிகூடக் கிடையாது. அந்த நேரத்தில் எந்தச் சைகையும் வந்து சேராது. பார்க்கும் பழக்கம் இல்லாத பையன் அந்த நொடியில் நின்றுவிடுவான்.

ஜப்பானியப் பள்ளி விதியிலேயே இதற்கு ஒரு சின்ன ஒப்புதல் இருக்கிறது. ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் களத்துக்குள் போக முடியாது. அவர் சொல்ல விரும்புவதை மாற்று ஆட்டக்காரர் ஒருவர் ஓடிப்போய் பிட்சரிடம் சொல்ல வேண்டும். அதுவும் ஒன்பது இன்னிங்ஸுக்கு மூன்று முறைதான். மற்ற நேரமெல்லாம் அங்கே நிற்பவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கெயோவின் வழி

2023 ஆகஸ்ட் 23 அன்று கோஷியென் இறுதி ஆட்டத்தில் கெயோ பள்ளி, முந்தைய ஆண்டு சாம்பியனான செண்டாய் இகுவெய் அணியை 8-2 என்று வென்றது. கெயோவுக்கு 107 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த கோப்பை. ஜப்பான் அதைவிட அதிகமாகப் பேசியது ஆட்டக்காரர்களின் தலைமுடியைப் பற்றித்தான். பள்ளி பேஸ்பால் என்றாலே ஒட்ட வெட்டிய தலை என்ற நாட்டில் கெயோ பையன்கள் சாதாரணக் கிராப்போடு வந்தார்கள். ‘என்ஜாய் பேஸ்பால்’ என்பது அவர்களது முழக்கம்.

பயிற்சியாளர் தகாஹிகோ மோரிபயாஷி தொடக்கப் பள்ளி ஆசிரியரும்கூட. பையன்கள் அவரை ‘கந்தோகு’ என்ற பதவிப் பெயரால் அழைப்பதில்லை. ‘மோரிபயாஷி-சான்’ என்றுதான் அழைக்கிறார்கள். பயிற்சியாளர் சொல்வதைச் செய்யும் பையன்களைவிட, தாங்களே யோசிக்கும் பையன்கள் வேண்டும் என்பது அவர் கொள்கை. 2020இல் அவர் எழுதிய நூலுக்கு ‘திங்கிங் பேஸ்பால்’ என்றே பெயர். சைகையே இல்லை என்பதல்ல இதன் பொருள். சைகை எதற்காக என்று பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவனிடம் ஒரு மாற்றுக் கருத்து இருந்தால் அதைச் சொல்லும் இடம் இருக்க வேண்டும் என்பதுதான்.

கெயோ மட்டுமே மாறவில்லை. பள்ளி பேஸ்பால் சம்மேளனத்தின் கணக்கெடுப்பில் 2018இல் ஏறத்தாழ நான்கில் மூன்று அணிகள் தலையை ஒட்ட வெட்டச் சொல்லின. 2023இல் அது சுமார் நான்கில் ஒன்றாகச் சுருங்கியது. முடியைப் பற்றிய விதி தளர்ந்ததால் ஆட்டத்தைப் பற்றிய விதியும் தளர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிகிறது.

வெற்றியை வைத்து வழக்கைத் தீர்க்க நினைத்தால் ஏமாற்றம்தான். 1992இல் தூற்றப்பட்ட மபுசியின் அணி 2002இல் கோஷியென் கோப்பையையே வென்றது. கெயோவோ 2024இல் தனது கனகாவா மாநிலச் சுற்றையே தாண்டவில்லை. கட்டுப்பாட்டாலும் ஜெயிக்கலாம், சுதந்திரத்தாலும் ஜெயிக்கலாம். இரண்டிலும் தோற்கலாம். ஆகவே கேள்வியை வேறு இடத்தில் வைக்க வேண்டியிருக்கிறது: பையன் தவறு செய்தால் அதன் விலை என்ன?

கையின் விலை

தவறான பந்தைக் கேட்டு வாங்கிய கேட்சர் ஒரு ரன் கொடுப்பான். தப்பாக ஓடியவன் அவுட் ஆவான். அடுத்த ஆட்டத்தில் திருத்திக்கொள்ளலாம். ஆனால் “நான் இன்னும் வீசுகிறேன்” என்று சொல்லும் பிட்சரின் முடிவு அப்படிப்பட்டதல்ல. 1998 கோஷியெனில் யோகோஹாமா பள்ளியின் தைசுகே மட்சுசாகா ஒரே ஆட்டத்தில் 17 இன்னிங்ஸில் 250 பந்துகள் வீசினார். 2018இல் கனாஷி வேளாண்மைப் பள்ளியின் கோசெய் யோஷிதா அந்த ஒரு போட்டியில் மட்டும் 881 பந்துகள் வீசினார். இந்த வயதில் எந்தப் பையனும் தானாகக் கையை உயர்த்தி, போதும் என்று சொல்வதில்லை. தோழர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது.

2019 ஜூலையில் இவாதே மாநில இறுதி ஆட்டம். ஓஃபுனாதோ பள்ளியின் ரோகி சசாகி மணிக்கு 163 கி.மீ. வேகத்தைத் தொட்டவர். நான்கு நாட்களுக்கு முன் 194 பந்துகள், முந்தைய நாள் 129 பந்துகள் வீசியிருந்தார். பயிற்சியாளர் யோஹெய் கொகுபோ அவரைக் களமிறக்கவே இல்லை. ஓஃபுனாதோ 2-12 என்று தோற்றது. கோஷியென் கனவு கலைந்தது. பள்ளிக்குக் கண்டனத் தொலைபேசிகள் குவிந்தன. தனக்கு வீச ஆசை இருந்தது என்பதை சசாகியும் மறைக்கவில்லை. 2022இல் அவர் ஜப்பானிய தொழில்முறை ஆட்டத்தில் எதிரணியில் ஒருவரைக்கூட பேஸ் ஏறவிடாத ‘பெர்ஃபெக்ட் கேம்’ வீசினார். 2025இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸில் சேர்ந்தார்.

மபுசி, கொகுபோ இருவருமே பையன்களைக் கேட்டு முடிவு செய்யவில்லை. ஒருவர் முடிவு ஆட்டத்தைக் காப்பாற்ற, மற்றவர் முடிவு பையனின் கையைக் காப்பாற்ற. இரண்டாவது வகை அதிகாரத்தை எந்தச் சுதந்திரத்தின் பெயராலும் பெரியவர்கள் விட்டுக்கொடுக்கலாகாது. அமெரிக்காவின் லிட்டில் லீக் அமைப்பு 2007 முதல் பந்துகளை எண்ணுகிறது. 11, 12 வயதுக்காரர்களுக்கு ஒரு நாளைக்கு 85 பந்துகள்தான். ஜப்பானியப் பள்ளிகளுக்கு வாரத்துக்கு 500 பந்துகள் என்ற வரம்பு 2020இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே பையனுக்கும் அதிகாரம் இல்லை, பயிற்சியாளருக்கும் இல்லை. எண்ணிக்கைக்குத்தான்.

மற்றவற்றைப் படிப்படியாகக் கொடுக்கலாம். முதலில் பயிற்சி ஆட்டங்களில் கேட்சரே பந்தைத் தேர்வு செய்யட்டும். இன்னிங்ஸ் முடிந்து வந்ததும் ஏன் அந்தப் பந்து என்று கேட்கலாம். திட்டுவதற்காக அல்ல, காரணம் சொல்லப் பழக்குவதற்காக. காரணம் சரியாக இருந்து விளைவு தவறினால் அதைத் தவறாகக் கணக்கிடக் கூடாது. காரணமே இல்லாமல் விளைவு நன்றாக அமைந்தால் அதைப் பாராட்டவும் கூடாது. ஓட்டக்காரருக்கு, ஓடலாம் என்று முன்கூட்டியே அனுமதி கொடுத்து, நேரத்தை அவரிடம் விடலாம்.

இதில் கடினமான பங்கு பையனுடையதல்ல. ஒன்பதாவது இன்னிங்ஸில் பையன் எடுத்த முடிவு பொய்த்து ஆட்டம் கைநழுவும்போது, பெற்றோர்களுக்கும் பள்ளிக்கும் பதில் சொல்ல வேண்டியவர் பயிற்சியாளர். “முடிவை அவனிடம் விட்டது நான்” என்று அப்போது சொல்லத் தயாராக இருப்பவர்தான் சுதந்திரம் தர முடியும். அந்தத் துணிவில்லாத பயிற்சியாளர் சைகை காட்டிக்கொண்டே இருப்பதில் வியப்பில்லை.