749 டொலருக்கு எட்டுப் படங்கள்!

நூதனமான பொருள் ஒன்று கடைக்கு வந்துவிட்டால் அதனைப் பார்த்து வியப்பது எளிது. கேட்கும் விலைக்கு அது தகுமா என்று தீர்மானிப்பதே கடினம். அத்தீர்மானத்துக்கு எவ்வாறு வருவது? பழைய கருவியொன்றை உதாரணமாக எடுத்து ஆராய்ந்து பார்ப்போம்.

1994ஆம் ஆண்டு அமெரிக்காவிலே அப்பிள் நிறுவனம் ‘குவிக்டேக் 100’ என்னும் டிஜிட்டல் கமராவை விற்பனைக்கு விட்டது. அதனைச் செய்து கொடுத்தது, படச்சுருளுக்குப் பேர்போன கொடாக் நிறுவனம். விலை 749 டொலர். சுருள் வேண்டியதில்லை; கழுவ வேண்டியதில்லை; எடுத்த படத்தை ஒரு வடத்தின் மூலம் நேரே கணனிக்குள் அனுப்பிவிடலாம். கேட்பதற்கு எவ்வளவு இனிமை!

இனிக் கணக்குக்கு வருவோம். உயர்ந்த தரத்தில் எடுத்தால் அக்கமராவினுள் எட்டுப் படங்களே கொள்ளும். தரத்தைக் குறைத்தால் 32 கொள்ளும். சாதாரணச் சுருள் ஒன்றிலோ 36 படங்கள் எடுக்கலாம். எடுத்த படம் சரியாக அமைந்ததா என்று பார்ப்பதற்குக் கமராவில் திரை கிடையாது. பிழைத்த படம் ஒன்றை மாத்திரம் நீக்கவும் இயலாது. அழிப்பதாயின் அனைத்தையும் அழிக்கவேண்டும்.

படத்தின் அளவு 640க்கு 480 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் தெளிவாக அச்சிட்டால், அகலம் இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல், உயரம் 1.6 அங்குலம். கலியாணப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட விரும்புவோருக்கு இஃது எம்மட்டில் போதும்?

சுருள் வாங்கவும், கழுவி அச்சிடவும் 15 டொலர் ஆகுமென்று வைத்துக்கொள்வோம். 749 டொலரில் ஏறக்குறைய 50 சுருள்கள், அதாவது 1,800 படங்கள் கிடைக்கும். சாதாரணக் கமரா ஒன்றை ஏற்கெனவே வைத்திருந்து, வருடத்துக்கு நான்கு சுருள் எடுக்கும் குடும்பத்துக்கு அத்தொகை பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் போதுமே! கணனி இல்லாதவர் அதனையும் வாங்கவேண்டும். அங்குசம் வாங்கப் போனவன் யானையையும் வாங்கிய கதைதான்.

அப்படியாயின் அக்கருவி பிரயோசனமற்றதா? அவ்வாறு சொல்வதும் நியாயமன்று. அக்காலத்துக் கணனித் திரைகள் பலவற்றை நிரப்புவதற்கு 640க்கு 480 புள்ளிகளே போதுமாயிருந்தன. விற்கவேண்டிய வீட்டைப் படமெடுத்து அன்றைக்கே வாடிக்கையாளருக்குக் காட்டவேண்டிய தரகருக்கும், சிறிய படத்தை உடனே செய்திமடலில் சேர்க்கவேண்டியவருக்கும் அது தக்க கருவியே. அவர்கள் விலை கொடுத்தது படத்தின் அழகுக்கன்று, மிச்சமாகும் நேரத்துக்கு.

ஆனால், குடும்பப் படம் நாளைக்கு மாத்திரம் வேண்டியதன்று; பேரப்பிள்ளைகளும் பார்க்கவேண்டியது. 1998இல் அதே நிறுவனம் வெளியிட்ட ஐமாக் கணனியில், அந்தப் பழைய வடத்தைச் செருகுவதற்கான துளையே இல்லாமற் போயிற்று. குவிக்டேக் வரிசையோ அதற்கு முந்திய ஆண்டே, 1997இல், நிறுத்தப்பட்டிருந்தது. 1994இல் எடுத்த நெகட்டிவ் ஒன்றைப் பழுதாகாது பேணியிருந்தால் இன்றும் அச்சிடலாம். அக்கமராவின் படங்களை வேறு வடிவத்துக்கு மாற்றி வையாதவரோ, அவற்றைத் திறப்பதற்கே அரும்பாடு படவேண்டும்.

ஆகவே எமது தீர்ப்பு இதுதான்: தொழிலுக்கு வேண்டியவருக்கு 749 டொலர் தகும், கலியாணத்தையும் குழந்தையின் முதலடியையும் பதிந்து வைக்க விரும்பிய சாதாரணக் குடும்பத்துக்குத் தகாது.

இன்று எந்தப் புதிய கருவியை வாங்கப் புறப்பட்டாலும் மூன்று கேள்விகளை மறவாதிருங்கள். எமது தேவைக்கு அது போதுமா? அதனுடன் வேறு எதையெல்லாம் வாங்க நேரிடும்? இருபது ஆண்டுகளுக்குப் பின் அதனால் எமக்கு எஞ்சுவது யாது? மாணவர்களே, கடை வாசலை மிதிக்குமுன் பென்சிலும் தாளும் எடுத்து இக்கணக்கைப் பெற்றோருக்குப் போட்டுக் காட்டுங்கள். வீட்டுப் பணம் வீணாகாமற் காப்பதற்கு அதுவே போதும்.