ஆண்களுக்கான தியானம்: ஒழுங்குசெய்வோர் கவனத்துக்கு

எங்கள் வன்னிப் பங்கில் ஆண்களுக்கென ஒரு தவக்காலத் தியானத்தை ஒழுங்குசெய்து வருகிறோம். மற்றப் பங்குகளுக்கும் உதவும் என்பதால் சிலவற்றை எழுதுகிறேன்.

முதலில் நாள். தவக்காலமும் பெரும்போக அறுவடையும் அநேகமாக ஒன்றாகவே வரும். கூலிக்குப் போகிறவரால் இரண்டு நாள் உழைப்பை விடமுடியாது. சனி பின்னேரம் தொடங்கி ஞாயிறு மதியம் முடிப்பதே நல்லது.

அடுத்தது இடம். எல்லோரும் மடுவைத்தான் சொல்வார்கள். ஆனால் 1999 நவம்பரில் அங்கு தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் விழுந்து பலர் கொல்லப்பட்டார்கள். அதைக் கண்டவர்களுக்கு அந்த இடம் ஆறுதலாகவும் இருக்கலாம், நடுக்கமாகவும் இருக்கலாம். வருபவர்களைக் கேட்டு முடிவெடுங்கள்.

வட்டமாக இருத்தி ஒவ்வொருவரையும் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். 2009க்குப் பின் தடுப்பிலிருந்து வந்தவர்கள் விசாரணைகளில் போதுமானளவு பேசிவிட்டார்கள். பேச விரும்புபவருக்குக் குருவானவரோடு தனியாக நேரம் ஒதுக்குங்கள். பேசாமல் இருப்பவரும் செபிக்கிறார்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மன்றாட்டு. இறந்தோருக்கான மன்றாட்டில் காணாமலாக்கப்பட்டோரின் பெயர்களைச் சேர்க்க வேண்டாம். மகனை இராணுவத்திடம் கையளித்த தகப்பன் இன்னும் காத்திருக்கிறார். அவரைக் கேட்காமல் மகனின் பெயருக்கு மெழுகுதிரி ஏற்றினால், அவர் வாங்க மறுத்த மரணச் சான்றிதழை நாங்கள் கோவிலில் வைத்துக் கொடுத்ததாகிவிடும். அவர்களுக்கெனத் தனி மன்றாட்டு வையுங்கள். அதில் என்ன கேட்பதென்று குடும்பத்தவரே சொல்லட்டும்.